மருந்து படாத குப்பி

பூச்சிமருந்து டப்பாவின் லேபிளில் சாய்ந்து நிற்கும் ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கில் ஒரு நிறம். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் இந்த நிறங்களுக்குக் கணக்கு உண்டு. சோதனை விலங்குகளின் உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து உள்ளே போனால் அவற்றில் பாதி சாகும் என்று பார்க்கிறார்கள். 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. மருந்து அடிக்கிற ஆளுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லும் அடையாளம் அது. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவியைக் கேட்டு அந்த நிறத்தை யாரும் தீர்மானிக்கவில்லை.

இளையரசனேந்தல் பக்கம் இந்த முக்கோணத்துக்கு வேறொரு பொருள் எப்படியோ ஒட்டிக்கொண்டது. பச்சை என்றால் சாதுவான மருந்து, எதையும் ஒன்றும் செய்யாது. அந்த ஊரில் பிறந்து, வெளியூரில் ஒரு பூச்சியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், ஊருக்கு வரும்போதெல்லாம் இதே கேள்வியை எதிர்கொள்கிறார். “இது பச்சைதானே தாயி, நல்ல பூச்சிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” அவருடைய தொழிலே இதற்கு விடை தேடுவதுதான். ஆனால் கடைத்தெருவில் நின்றபடி ஒரே வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விடை அவரிடம் இல்லை.

இளையரசனேந்தல் கரிசல் பூமி. வருவாய்த்துறைக் கணக்கில் கோவில்பட்டி வட்டத்துக்கு மாற்றப்பட்ட பிறகும், சங்கரன்கோவில் பக்கத்துக் குருவிகுளம் ஒன்றியத்தோடு ஒட்டிக்கொண்டு பல ஆண்டு இழுபறியில் கிடந்த பிர்கா. நிர்வாகம் எந்தப் பக்கம் இழுத்தாலும் மண்ணின் முறை மாறவில்லை. புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழைக்குக் காத்திருப்பு, உளுந்து, பாசி, பருத்தி, சோளம். பிறகு கோழித்தீவனத் தேவையோடு சேர்ந்து வளர்ந்த மக்காச்சோளம். 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் பதிவான அமெரிக்கப் படைப்புழு, அந்த ஆண்டு மழைக்காலப் பயிருக்குள் இங்கேயும் வந்துவிட்டது. மக்காச்சோளக் குருத்தெல்லாம் சல்லடை. கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் ஆட்கள் குருத்துக்குள் ஊற்றினார்கள். புழுவின் முட்டையைத் தேடி அலையும் குட்டிக் குளவிகள் அதே குருத்தில்தான் நடமாடுகின்றன என்பதை அந்த அவசரத்தில் யார் நினைப்பார்கள்?

அந்தக் குளவிகளில் இரண்டை அவர் நன்றாக அறிவார். ஒன்று டிரைக்கோகிரம்மா. ‘ஒட்டுண்ணி அட்டை’ என்ற பெயரில் கரும்புக்காரர்களுக்கும் நெல்காரர்களுக்கும் பழக்கமானது. இன்னொன்று டெலினோமஸ் ரீமஸ். 1960களில் பப்புவா நியூ கினியாவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்ட இனம். படைப்புழுத் தாய் அந்துப்பூச்சி முட்டைகளை அடுக்கடுக்காக இட்டு, மேலே தன் உடல் செதில்களால் மூடிவிடும். அந்தக் கம்பளியைத் தாண்டி உள்ளடுக்கு முட்டை வரை போவதில் டிரைக்கோகிரம்மாவைவிட டெலினோமஸ் கெட்டி. இரண்டும் செய்வது ஒரே வேலை: புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். புழு பொரிய வேண்டிய இடத்தில் குளவி பொரியும்.

ஆய்வுக்கூடத்தில் நாளின் பெரும்பகுதி மருந்தோடு போவதில்லை. கம்போடு போகிறது. டிரைக்கோகிரம்மாவை வளர்க்க நெல் அந்துப்பூச்சியின் முட்டை வேண்டும். அந்த அந்துப்பூச்சியை வளர்க்க உடைத்த கம்பு வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டரைக் கிலோ கம்பு, நூறு கிராம் நிலக்கடலைப் பருப்புத் தூள், ஐந்து கிராம் ஈஸ்ட், பேன்சிலந்தி வராமலிருக்க ஐந்து கிராம் நனையும் கந்தகம், பாக்டீரியாவைத் தடுக்கக் கொஞ்சம் ஸ்ட்ரெப்டோமைசின். ஒன்றரை மாதத்தில் அந்துகள் வெளிவரும், முட்டையிடும். முட்டைகளைச் சலித்து, கோந்து தடவிய அட்டையில் தூவி, புற ஊதா விளக்கின் கீழ் அரைமணி நேரம் வைத்தால் உள்ளிருக்கும் கரு செத்துவிடும். இனி அந்த முட்டைக்குள் குளவி மட்டுமே வளர முடியும். குளவி ஏறிய முட்டை மூன்று நான்கு நாளில் கறுக்கும். ஏழெட்டு நாளில் அதிலிருந்து குளவி வெளியே வரும். ஒரு சிசி அளவு முட்டையில் ஏறக்குறைய பதினாறாயிரம் முதல் பதினெட்டாயிரம் வரை இருக்கும் என்பது தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம்.

மேசைக்கால் ஒவ்வொன்றும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிற்கும். இல்லாவிட்டால் எறும்புகள் ஒரே ராத்திரியில் மாத உழைப்பைத் தின்றுவிடும். அறையில் கொசுவிரட்டி கிடையாது. அறைக்குள் வருகிறவர் அன்று சென்ட் போட்டிருக்கக் கூடாது. வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள். பங்குனி வெயிலில் மின்சாரம் போய், இன்வெர்ட்டரும் கைவிட்டால் அந்த வாரச் சோதனை அவ்வளவுதான்.

சோதனை பார்ப்பதற்கு எளிமையானது. மக்காச்சோளப் படைப்புழுவுக்குப் பரிந்துரைக்கப்படும் எமாமெக்டின் பென்சோயேட்டை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து பங்கு வீரியமுள்ள குருணை அது. லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம், அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு நாலு கிராம். லிட்டரில் இருக்கும் உண்மையான நஞ்சு 20 மில்லிகிராம் மட்டுமே. அதே செறிவில் கரைசல் தயாரித்துச் சிறு கண்ணாடிக் குப்பிக்குள் ஊற்றி, உட்சுவர் முழுக்கச் சீராகப் படியும்படி உருட்டிக்கொண்டே உலரவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிஞ்சும். உள்ளே குளவிகளை விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, தின்பதற்குத் தேன் கீற்று ஒன்று வைத்து, 24 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். நுண்ணோக்கியின் கீழ் ஒற்றை மயிர்த் தூரிகையால் தொட வேண்டும். கால் அசைந்தால் உயிர். அசையாவிட்டால் சாவு. கால் மட்டும் துடிக்கிறது, எழ முடியவில்லை என்றால் அதற்குத் தனிக் கட்டம். இந்த மூன்றாவது கட்டத்தை ஒழுங்காக நிரப்புகிறவர்தான் வேலை தெரிந்தவர் என்பது அவருடைய அபிப்பிராயம்.

வசதியுள்ள இடங்களில் பாட்டர் கோபுரம் என்ற கருவி இருக்கும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் பிறந்தது. நின்ற உயரத்தில் ஓர் உலோகக் குழாய். மேலிருந்து தெளித்தால் கீழே வைத்த தட்டில் எல்லா இடத்திலும் ஒரே அளவு துளி விழும். அது இல்லாத இடங்களில் கைத்தெளிப்பானும் பழக்கப்பட்ட மணிக்கட்டும்தான்.

இந்தக் குப்பிகளின் வரிசையில், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அலட்சியமாகத் தாண்டிப்போவது மருந்தே படாத குப்பியை. ‘கன்ட்ரோல்’ என்று அதற்குப் பெயர். மருந்தைத் தவிர மற்றதெல்லாம் அதிலும் உண்டு. அசிட்டோனில் கரைத்தால் அதற்கும் வெறும் அசிட்டோன் பூசி உலர்த்த வேண்டும். மொத்தச் சோதனையும் நிற்பது அதன் மேல்தான். மருந்து படாமலேயே அங்கே பத்துக்கு ஒன்று செத்திருந்தால், மருந்துக் குப்பியில் செத்ததில் ஒரு பங்கு மருந்தால் அல்ல. டபிள்யூ. எஸ். அபட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1925இல் எழுதிய சூத்திரத்தை இன்றும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். மருந்துக் குப்பியில் 55 விழுக்காடு சாவு, கன்ட்ரோலில் 10 என்றால், 55இல் பத்தைக் கழித்து, மிச்சமான 45ஐ 90ஆல் வகுக்க வேண்டும். மருந்தின் கணக்கு 50 விழுக்காடு. கன்ட்ரோலிலேயே 20 விழுக்காட்டுக்கு மேல் செத்திருந்தால் சூத்திரமெல்லாம் வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பக்கத்து அறையில் யாரோ ஏற்றிய கொசுவர்த்தியை இந்தக் குப்பிதான் காட்டிக்கொடுக்கும்.

எண் கிடைத்ததும் அதை எந்தப் பெட்டியில் போடுவது? 1974இல் ஐரோப்பாவில் உயிரியல் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு அமைப்பு, பூச்சிமருந்தும் நன்மை செய்யும் உயிரிகளும் என்பதற்காகவே ஒரு பணிக்குழுவை அமைத்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலிருந்து எஸ். ஏ. ஹசன் அதற்குப் பல ஆண்டுகள் உழைத்தார். ஆய்வுக்கூடச் சோதனைக்கு அவர்கள் வகுத்த பெட்டிகள் நான்கு. 30 விழுக்காட்டுக்குக் குறைவு என்றால் தீங்கற்றது, 79 வரை லேசான தீங்கு, 99 வரை நடுத்தரத் தீங்கு, அதற்கும் மேலே தீங்கானது. நம் வேளாண் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளிலும் இதே பெட்டிகளைப் பார்க்கலாம்.

இதைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். குப்பிச் சோதனை வேண்டுமென்றே கொடுமையானது. குளவிக்கு ஒதுங்க இலையின் அடிப்புறம் இல்லை, பறந்து போக வழி இல்லை, வெயில் பட்டு மருந்து சிதையவும் வாய்ப்பில்லை. இத்தனையையும் தாண்டி அது பிழைத்தால், அந்த மருந்தைக் காட்டில் அடித்தாலும் பெரிய சேதம் இருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம். அங்கே செத்தால் காட்டிலும் சாகும் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த படிக்குப் போக வேண்டும்: மருந்து அடித்த செடியின் இலையைச் சில நாள் இடைவெளிவிட்டுப் பறித்து, அதன் மேல் புதுக் குளவிகளை விட்டுப் பார்ப்பது. எமாமெக்டினின் குணம் இங்கேதான் வெளிப்படும். புதிதாகப் படிந்த படலத்தில் குளவிகளைச் சாய்க்கும் அந்த மருந்து, இலையின் மேற்பரப்பில் வெயில் பட்டால் சீக்கிரமே சிதைந்துவிடும். இலைக்குள் ஊடுருவிய பங்கு மட்டும் தங்கி, இலையைத் தின்னும் புழுவைக் கொல்லும். குளவி இலையைத் தின்பதில்லை. ஐந்து நாளுக்குள் வீரியம் போனால் குறுகிய ஆயுள், முப்பது நாளுக்கு மேல் நின்றால் நீடித்தது என்று அதற்கும் பெட்டிகள் இருக்கின்றன. முடிவாக ‘தீங்கானது’ என்று எழுதியிருப்பதை மட்டும் படித்து ஒரு மருந்தை ஒதுக்குகிறவர்களிடம் அவருக்குப் பொறுமை குறைவு.

பச்சை முக்கோணக் கேள்விக்கு வருவோம். குளோரான்ட்ரானிலிபுரோல் பச்சைதான். டிரைக்கோகிரம்மாவின் மேல் நடந்த சோதனைகளிலும் பெரும்பாலும் தீங்கற்ற பெட்டியிலேயே விழுகிறது. இதை மட்டும் பார்த்தவர்கள் முக்கோணத்தை நம்பிவிடலாம். அதே கடை அலமாரியில் ஸ்பைனோசாட்டும் அதன் தம்பி ஸ்பினிடோரமும் இருக்கின்றன. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் கொடை, எலிக்குப் பெரிய ஆபத்தில்லை, பொறிவண்டு போன்ற இரைவிழுங்கிகள் பலவும் தாங்கிக்கொள்கின்றன. குளவிகளோ சுருண்டு விழுகின்றன. கந்தகமும் அப்படித்தான். இயற்கை விவசாயத்தில்கூட அனுமதி உள்ள சாதாரணப் பொருள். டிரைக்கோகிரம்மாவுக்கு அது கெட்டது என்று ஐரோப்பியச் சோதனைகள் எப்போதோ சொல்லிவிட்டன. அந்துப்பூச்சித் தட்டில் பேன்சிலந்திக்காக அவரே கலக்கும் பொருள், குளவி உலவும் செடியில் விழுந்தால் எதிரி.

வேப்பெண்ணெயைப் பற்றி ஊரில் பேசும்போது அவர் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுகிறார். இயற்கை விவசாயத்துக்குக் குரல் கொடுத்த நம்மாழ்வார் 1960களில் வேலை பார்த்து, 1969இல் உதறிவிட்டுப் போன ஆராய்ச்சி நிலையம் இருக்கும் கோவில்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. வேம்பைக் குறை சொன்னால் யாருக்கும் பிடிக்காது. அவர் குறை சொல்வதும் இல்லை. வேப்பெண்ணெய் பட்ட முட்டையில் குளவி உட்காரத் தயங்குகிறது, ஏறும் முட்டைகளின் எண்ணிக்கை குறைகிறது, ஆகவே முதலில் வேப்பெண்ணெய், சில நாள் கழித்து அட்டை என்று வரிசை மாறாமல் செய்யுங்கள் என்று மட்டும் சொல்கிறார்.

செத்ததை எண்ணுவது பாதி வேலை. பிழைத்தது வேலை செய்கிறதா என்பது மீதி. குப்பியில் உயிரோடு மிஞ்சிய பெண் குளவிக்குப் புது முட்டை அட்டை ஒன்றைக் கொடுத்து, எத்தனை முட்டை கறுக்கிறது என்று எண்ணுவார்கள். சில மருந்துகளில் சாவு இருபது விழுக்காடுதான் இருக்கும், கறுத்த முட்டையோ பாதியாகக் குறைந்திருக்கும். நோவலூரான் போன்ற வளர்ச்சி தடுப்பான்கள் இன்னொரு வகை. தோலுரிப்பைக் கெடுப்பவை அவை. வளர்ந்த பூச்சி ஒன்றுமே நடக்காததுபோல் உலவும். கண்ணாடி இறக்கைப் பூச்சி என்ற இன்னொரு நல்ல பூச்சியின் புழு மட்டும் தோலுரிக்கும் நாளில் பாதி உரிந்து, பாதி மாட்டிக்கொண்டு சாகும். 24 மணி நேரக் கணக்கோடு நோட்டை மூடுகிறவர் இதைப் பார்க்கவே மாட்டார்.

இந்தக் கண்ணாடி இறக்கைப் பூச்சியை வைத்துச் சோதனை செய்வது தனிக் கலை. அசுவினியை வேட்டையாடும் அதன் புழுக்களில் இரண்டை ஒரே கிண்ணத்தில் விட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும், அதற்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. ஆளுக்கொரு அறை என்று தடுப்புப் போட்ட தட்டில்தான் வளர்க்க வேண்டும். பைரித்ராய்டு மருந்துகளை இந்தப் புழு வியக்கத்தக்க அளவுக்குத் தாங்கும் என்று 1970களிலேயே அமெரிக்காவில் கண்டார்கள். அதே மருந்து டிரைக்கோகிரம்மாவுக்கு எமன். நல்ல பூச்சி என்று ஒரே இனம் இருப்பதுபோலப் பேசுவது விளம்பர நோட்டீசில்தான் எடுபடும்.

வயதும் கணக்கில் வரும். முட்டை ஓட்டுக்குள் கூட்டுப்புழுவாக இருக்கும் குளவிக்கு ஓடே கவசம். பல மருந்துகள் அதைத் தாண்டுவதில்லை. ஆபத்து வெளியே வரும் நாளில் காத்திருக்கிறது. குளவி ஓட்டைக் கடித்துத்தான் வெளிவர வேண்டும், ஓட்டின் மேல் இருப்பது மருந்து. ஓட்டையிலிருந்து தலை நீட்டியபடியே செத்த குளவிகளை நுண்ணோக்கியில் எண்ணும்போது, ‘பொரிந்தது’ என்பதில் சேர்ப்பதா ‘பொரியவில்லை’ என்பதில் சேர்ப்பதா என்று கூடத்தில் ஒவ்வொரு முறையும் வாதம் நடக்கும். அவர் பொரியவில்லை கட்சி. முட்டையிடாத குளவியால் சம்சாரிக்கு என்ன பயன் என்பது அவர் வாதம்.

மருந்தைக் குளவிக்கு ஏற்றதாக மாற்ற முடியாவிட்டால், குளவியை மருந்துக்கு ஏற்றதாக மாற்றலாமே என்றும் முயன்றிருக்கிறார்கள். பெங்களூரில் அப்போது உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் என்று இருந்து, இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகமாக இருக்கும் நிறுவனத்தில், டிரைக்கோகிரம்மாவைத் தலைமுறை தலைமுறையாக எண்டோசல்பான் படலத்தில் விட்டு, பிழைத்தவற்றை மட்டும் பெருக்கி, அந்த மருந்தைத் தாங்கும் ரகம் ஒன்றை உருவாக்கினார்கள். ‘எண்டோகிராம்’ என்று பெயர். பருத்திக் காடுகளில் எண்டோசல்பான் இல்லாமல் ஒரு பருவமும் கழியாத காலம் அது. கேரளத்தின் காசர்கோட்டில் மனிதர்களுக்கு நேர்ந்ததைத் தொடர்ந்து, 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. குளவி தாங்கப் பழகிய மருந்து கடையிலிருந்தே போய்விட்டது. அந்த உழைப்பு வீண் என்று அவர் நினைக்கவில்லை. தாங்கும் ரகத்தை உருவாக்க முடியும் என்பது அதில்தானே தெரிந்தது!

இத்தனை சோதனை எதற்கு, அடித்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கிறவர்களுக்கு அவர் கலிபோர்னியாவைக் காட்டுவார். 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து போன வேடாலியா என்ற பொறிவண்டு, அங்கே ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுமெத்தைச் செதில்பூச்சியை அடக்கியது. நீலகிரியில் அதே செதில்பூச்சி 1928இல் தென்பட்டபோது, அதே வண்டைத்தான் இங்கேயும் வரவழைத்தார்கள். 1940களின் நடுவில் கலிபோர்னியத் தோப்புகளுக்கு டி.டி.டி. வந்தது. வண்டு செத்தது, செதில்பூச்சி திரும்பியது. அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1990களின் கடைசியில், பைரிபுராக்சிபென் என்ற புதிய வளர்ச்சி தடுப்பான் அதே மாநிலத்துக்குப் போனது. பாதுகாப்பான வகை என்று பெயர் எடுத்த மருந்து. வேடாலியாவின் இனப்பெருக்கம் கெட்டு, செதில்பூச்சி மறுபடியும் தலைதூக்கியது.

ஊரில் ஒரு மக்காச்சோளக்காரரோடு நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது.

“அட்டையைக் கட்டிட்டோம்னா மருந்தே அடிக்கக் கூடாதா தாயி?”

“அடிக்கலாம் அண்ணாச்சி. எந்த மருந்து, எப்பங்கிறதுதான் கணக்கு. முட்டைக் குவியல் தெரியிறப்ப அட்டை. அதுக்கு அப்புறமும் குருத்துல புழு தின்னுச்சின்னா, குளவிக்கு ஆகுற மருந்தா பாத்து குருத்துக்குள்ள மட்டும் விடுங்க. காடு முழுக்க அடிக்காதீக.”

“எமாமெக்டின்னா டேங்குக்கு எம்புட்டு?”

“நாலு கிராம்.”

“நாங்க ஒரு மூடி போடுவோம்.”

அந்த மூடிதான் ஆய்வுக்கூடத்தையே மாற்றியது என்று சொல்லலாம். மூடிக்கு மூடி அளவு மாறும், கைக்குக் கை மாறும், பூச்சி அதிகமாகத் தெரிந்தால் இன்னும் அரை மூடி சேரும். பரிந்துரைத்த அளவில் மட்டும் சோதித்து, தீங்கற்றது என்று எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று அவர் வாதாடி, பரிந்துரையின் பாதி, பரிந்துரை, அதன் இரட்டிப்பு என மூன்று அளவிலும் குப்பி பூசும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். பரிந்துரையில் முதல் பெட்டியில் இருந்த மருந்து, இரட்டிப்பில் இரண்டாம் பெட்டிக்கோ மூன்றாவதற்கோ தாவுவது உண்டு. மூன்று அளவிலும் அசையாமல் முதல் பெட்டியிலேயே நிற்கும் மருந்துகளைத்தான் அவர் தயங்காமல் ஊரில் சொல்கிறார்.

இப்போது அவரை உறுத்துவது கலவை. கடையில் எமாமெக்டினோடு ஒரு பூஞ்சாணக்கொல்லியும் ஒரு டானிக்கும் கொடுத்து, மூன்றையும் ஒரே டேங்கில் ஊற்றச் சொல்கிறார்கள். ஆள் கூலி மிச்சம், நியாயம்தான். சோதனை ஏடுகளில் பெரும்பாலும் இருப்பதோ தனித்தனி மருந்தின் கணக்கு. மூன்று சரக்கைத் தனித்தனியாக, இரண்டிரண்டாக, மூன்றும் சேர்த்து என்று பார்த்தால் ஏழு கலவை, கன்ட்ரோலோடு எட்டு. ஒவ்வொன்றும் மூன்று அளவில், ஒவ்வொரு அளவும் பலமுறை திரும்பத் திரும்ப. அதுவும் ஒரே இனத்துக்கு, அதன் ஒரே பருவத்துக்கு. டானிக் பாட்டிலில் சத்து என்றும் சாறு என்றும் எழுதியிருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது இன்னதென்று விளங்கவில்லை. ஆகவே பாட்டிலின் தொகுதி எண்ணையும் வாங்கிய தேதியையும் நோட்டில் முதல் வரியாக எழுதிவிட்டு, கம்புத் தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். அந்துகள் வெளிவர ஒன்றரை மாதம் ஆகும்.